வரிசை சார் அனுப்ப மறுத்த பைல்

பெரம்பலூரில் மழை இல்லாத வருடங்களைப் பார்த்திருக்கிறேன், கரண்ட் இல்லாத கோடைகளைப் பார்த்திருக்கிறேன். வரிசை சார் இருந்த இடத்தில் வரிசை இல்லாமல் போனதை மட்டும் பார்த்ததே இல்லை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை.

தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். சும்மா வரமாட்டார். படிக்கட்டு அருகே நின்றுகொண்டு, "குன்னத்துல எறங்குறவங்க கடைசியா ஏறுங்க, அப்பதான மொதல்ல எறங்கலாம்!" என்று கூட்டத்தைப் பிரிப்பார். ஒருநாள் கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டு, "சார், நீங்க கொஞ்சம் ஒதுங்குனீங்கன்னா மத்தவங்க எல்லாம் ஏறிடுவாங்க" என்றார்.

ஒரு கல்யாணப் பந்தியில் உப்புக்கு முன்னால் பாயசம் வந்துவிட்டது. சார் இலையையே மாற்றச் சொல்லி, முதலிலிருந்து பரிமாற வைத்தார். அடுத்த பந்திக்காக அவர் நாற்காலியைப் பிடித்தபடி பின்னால் நின்றவன் நான். என் முறை வந்தபோது ரசம்தான் மிச்சம்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் பெரம்பலூரில் ஓர் உரக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுப் புத்தகங்களை எக்ஸ்எம்எல் என்ற கம்ப்யூட்டர் பைல்களாக மாற்றுவது வேலை. ஒவ்வொரு கட்டுரைக்கும் சீட்டு ஒட்டினாற்போல் ஒரு டேக், அதற்குள் எழுதியவர் பெயர், வருடம், பக்கம் என்று விவரங்கள். மாற்றும் புரோகிராம் குன்னத்துச் செல்வி எழுதியது. செக்கர், வரிசை சார். அவர் பாஸ்வேர்டு போட்டால்தான் பைல் வெளியே போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை செல்வி புரோகிராமைப் புதுப்பித்தாள். எல்லாம் சரியாக வந்தது. வருடம் முன்னால் வந்து பெயர் பின்னால் போயிருந்தது, அவ்வளவுதான். சார் அலறிவிட்டார்.

"ஏம்மா செல்வி, பேரு ஏன் கடைசில ஒளிஞ்சு நிக்குது?"

"எது முன்ன வந்தாலும் அர்த்தம் ஒண்ணுதான் சார். எக்ஸ்எம்எல் விதியே அதான்."

"விதி இருக்கட்டும். மரியாதைன்னு ஒண்ணு இல்லியா?"

ஓனர் ஓடிவந்தார். "சார், மூணு மணிக்குள்ள போகலன்னா பார்ட்டி வேலய வேற எடத்துக்குக் குடுத்துருவான். நமக்கு இருக்குறதே அந்த ஒரு பார்ட்டிதான். அப்புறம் எல்லாரும் கீழ போயி மூட்ட தூக்க வேண்டியதுதான்."

சார் அசையவில்லை. ஒவ்வொரு பெயராகக் கையால் முன்னுக்கு இழுத்து வைத்தார். சாப்பாட்டு நேரம் தாண்டி ஒருவழியாக முடித்தார். ஆனால் வெளியே போகுமுன் பைல் கடைசியாக ஒருமுறை அதே புரோகிராமுக்குள் போய்வரும். போய்வந்தது. வருடம் முன்னால், பெயர் பின்னால்! சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். ஓனர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

செல்வி மட்டும் அப்படி உட்காரவில்லை. சார் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் அவர் மிஷினில் ஏதோ செய்தாள். இனி பைல் எப்படி இருந்தாலும், அவர் திரையில் மட்டும் பெயர், வருடம், பக்கம் என்றே தெரியும்.

திரும்பி வந்தவர் திரையைப் பார்த்தார். எழுந்து, அதே பைல் திறந்திருந்த என் மிஷின் பக்கம் வந்து, எதையோ தேடுவதுபோல் நின்றார். பிறகு தன் இடத்துக்குப் போய், "இப்ப எவ்வளவு அழகா நிக்குது பாருங்க!" என்று பாஸ்வேர்டைத் தட்டினார். பைல் போய்விட்டது. பார்ட்டியிடமிருந்து ஒரு முணுமுணுப்பும் இல்லை.

சாயங்காலம் டீக்கடையில் சார் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, ஒங்க மிஷின்ல இன்னமும் வருஷந்தான முன்னாடி நின்னுச்சு?"

"பாத்துட்டீங்களா சார்? அப்புறம் எப்படி ஓகே பண்ணுனீங்க?"

"அத்தன பேரு மூஞ்சியும் வாடிப்போயி கெடந்துச்சே. எது மொதல்ல வரணும்னு எனக்குத் தெரியாதா? செல்விகிட்ட சொல்லிடாதீங்க, அந்தப் பொண்ணு எனக்காகச் செஞ்சுது."

நான் இன்றுவரை செல்வியிடம் சொல்லவில்லை. அன்று முதல் எந்தப் பந்தியில் அவரைப் பார்த்தாலும், அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் போய் நின்றேன். ரசம் மட்டும் கிடைத்தாலும் பரவாயில்லை என்று.