அணிலின் கறுத்த கை

ஒரு காட்டில், மலைச்சரிவில் தானாக முளைத்த வால்நட் மரம் ஒன்று இருந்தது. பக்கத்துப் பொந்தில் ஓர் அணில். சுறுசுறுப்பானது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கதையில் வருகிற அணிலுக்கு வேறு பிழைப்பே கிடையாது.

மழைக்காலம் வருவதற்குள் மூன்று குட்டிகளுக்கும் தீனி சேர்த்தாக வேண்டும். இல்லையென்றால் பட்டினிதான். அதனால் விழுந்த காய்களை எல்லாம் உருட்டி வந்தது. பச்சைத் தோலை உரித்தது. தண்ணீரில் போட்டு, மிதந்த சொத்தைகளை மரத்தடியில் வீசியது. மூழ்கியதை நிழலில் பரப்பித் தினமும் புரட்டியது. அந்தப் பச்சைத் தோலின் சாறு பட்டால் கை தார் பூசின மாதிரி கறுத்துவிடும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அணிலுக்கு அதில் பெருமை வேறு. உழைத்த கையாம்.

அடுத்த மரத்துக் குரங்கு தினமும் வந்து விசாரித்தது.

"அக்கா, காஞ்சிருச்சா?"

"இன்னும் இல்ல தம்பி. பருப்பு வளையுது. மடக்குன்னு ஒடியணும்."

"பாத்துக்கோக்கா. ஈரத்தோட பொந்துல போட்டு அடைச்சுராத, பூசணம் புடிச்சுரும்."

என்ன அக்கறை என்று அணில் உருகிப்போனது. உரிக்க ஒரு கை கொடுத்தானா என்று யோசிக்கவில்லை. அறிவு இருந்தால்தானே.

ஒருநாள் பருப்பு மடக்கென்று ஒடிந்தது. அணில் முதல் வேலையாகக் குரங்கிடம் போய்ச் சொன்னது. மறுநாள் குட்டிகளோடு ஓடைக்குப் போய்த் திரும்பினால், நிழலில் ஒரு கொட்டைகூட இல்லை. குரங்கின் மரத்தடி முழுக்க ஓடு.

காட்டுக்குக் காவல் அதிகாரி நரி. அணில் டோக்கன் வாங்கி, ஆமைக்குப் பின்னால் வரிசையில் நின்று, ஒருவழியாகப் புகார் சொன்னது. நரி குரங்கையும் வரவழைத்தது.

"வால்நட்டைத் தொட்டா கை கறுத்திருக்கும். ரெண்டு பேரும் கையை நீட்டுங்க."

குரங்கின் கை பளிச்சென்று இருந்தது. அணிலும் நீட்டியது.

"சார், இது நான் தோல் உரிச்ச கறை. காஞ்ச கொட்டையில கறை ஒட்டாது."

"ஆக, தொட்டதை ஒத்துக்கிற."

"என் கொட்டை சார்."

"உன்னோடதை நீ தொட்டதுக்கு எங்கிட்ட எதுக்கு வந்த?"

"விடுங்க சார், பாவம், பிள்ளைகுட்டிக்காரி" என்றது குரங்கு. அதன் வாயில் வால்நட் வாசனை அடித்தது. நரியின் வாயிலும்தான்.

அந்த மழைக்காலத்தை, மரத்தடியில் வீசிய சொத்தைகளைப் பொறுக்கித் தின்றுதான் அணிலும் குட்டிகளும் ஓட்டின. இரண்டு குட்டிகள் பிழைத்தன.

அடுத்த பருவத்தில் அணில் ஒரு காயையும் தொடவில்லை. கறை போய்க் கை வெளுத்திருந்தது. எதிர்ப் புதருக்குப் புதிதாகக் குடிவந்த முள்ளம்பன்றி மாங்குமாங்கென்று தோல் உரித்துக்கொண்டிருந்தது. அணில் தினமும் போய் விசாரித்தது.

"தங்கச்சி, காஞ்சிருச்சா?"

நீதி: பொறுத்தார் பூமி ஆள்வார். அடுத்தவர் உரித்துக் காயவைக்கும்வரை பொறுத்தால் போதும். கையும் சுத்தமாக இருக்கும்.