அறுபது வயதுக் குட்டிக் கீரி

டமால். டமால்.

ஒரு காட்டில், பனிமூட்டம் விலகுவதற்கு முன்பே வந்த சத்தம் இது. விலகியதும் தெரிந்தது: பட்டுப்போன மரப்பொந்துக்குள் குடியேற்ற அலுவலகம், இரண்டு மேசை. ஒன்றில் கொக்கு முத்திரை குத்தியது, மற்றொன்றில் ஆமை.

அமெரிக்காவின் வடகோடியில் ஏரிக்கரைக் காடு அது. மர ஆலைகள் மூடியதும் கரடிகளில் பாதி பிழைப்புத் தேடிப் போய்விட்டன. காலி வளைகளை நிரப்ப, போரில் காடிழந்த கொக்குகளை அழைத்துக் குடிவைத்தார்கள். கொக்குகள் சமைக்கும் மீன் நாறுகிறது என்று மீன் தின்னும் கரடிகளே முனகின. பிறகு ஆமைகள் வந்தன, கொக்குகள் முனகின. இப்போது கீரிகள் வர, ஆமைகள் மூக்கைப் பொத்திக்கொண்டன. ஆமைக்கு அது சுலபமில்லை. இருந்தும் பொத்தின.

வரிசையில் வந்த கீரியின் பெயர் வடிவழகி. இடுப்பில் மகள் நிலானி. பிறந்த தேதி தெரியாது என்றாள். தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதுவதுபோல ஆமை ஜனவரி ஒன்று என்று எழுதியது. காட்டில் பாதிப் பேருக்கு அன்றுதான் பிறந்தநாள். அன்றைக்குக் கடையில் கேக் கிடைக்காது. அடுத்து வயது. தனக்கு ஆறு, மகளுக்கு ஒன்று என்றாள். கீரிக்கு ஆறு என்றால் நடுவயது. நூற்றிருபது வயது ஆமைக்கு அது எப்படித் தெரியும்? இருவரையும் துணையில்லாத குழந்தைகள் என்று எழுதியது.

விதிப்படி, துணையில்லாத குழந்தைகளுக்கு ஆளுக்கொரு வளர்ப்பு வீடு. தாய்க்கு ஏரியின் வடகரை, மகளுக்குத் தென்கரை.

வடிவழகி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, நான் இவளைப் பெத்தவ. பிரிச்சிடாதீங்க."

"திருத்தலாம் பாப்பா. ஆனா மனுவுல பெரியவங்க யாராவது கையெழுத்துப் போடணுமே."

பெரியவர்கள் எல்லாம் எரிந்த காட்டோடு போய்விட்டார்கள் என்றாள். ஆமைக்கு மனசு கேட்கவில்லை. அதுவும் அப்படி வந்ததுதான். விதி கிடக்கட்டும், உன் வயதை நானே அறுபதாக்குகிறேன் என்று பேனாவை எடுத்தது. அந்த நேரம் பார்த்துக் கொக்கு முத்திரையை ஓங்கிக் குத்தியது. குண்டுச் சத்தத்தில் வளர்ந்த ஆமை சடக்கென்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. கை மட்டும் எழுதியது, முத்திரையும் குத்தியது. தலை வெளியே வந்து பார்த்தால், அறுபது நிலானியின் பெயருக்கு நேரே இருந்தது.

ஆமை அழிப்பானைத் தேடியது. வடிவழகி தாளை இரண்டு முறை படித்தாள். அறுபது வயதுப் பெரியவர் ஒருவர், அவர் பொறுப்பில் ஒரு குழந்தை. ஆகவே ஒரே வீடு.

"ஐயா, இனிமே இதைத் தொடாதீங்க."

அப்படியே ஒரே வளையில் குடியேறினார்கள். நிலானிக்கு மூத்தோர் உதவியாகக் கம்பளியும் பஸ் பாஸும் வந்தன. வடிவழகியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். மதியச் சாப்பாடு இலவசம். ஒருநாள் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து கடிதம் வந்தது: வடிவழகி வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள், வீட்டுப் பெரியவர் கண்டிக்கவும். நிலானி பாதத்தை மையில் தோய்த்துக் கடிதத்தில் வைத்தாள். அம்மாவை ஒரு அதட்டு அதட்டினாள். வடிவழகி தலையாட்டிவிட்டு, மிச்சத் துணியைப் பிழிய உட்கார்ந்தாள்.

நீதி: அலுவலகத்தில் பிழை நேர்ந்தால் கலங்காதே, இரண்டாவது பிழை நேரும்வரை வரிசையை விட்டு நகராதே.