நோரீனின் கையெழுத்து

"இதுல உங்க மனைவி கையெழுத்து இல்லையே, மிஸ்டர் ஹோவ்லண்ட்," என்றாள் லுவான். ஊரில் மற்றவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவள் அவள் ஒருத்திதான்.

"அவ செத்துப்போயிட்டா," என்றார் ஆர்டன் ஹோவ்லண்ட்.

"அது தெரியும். ஊருக்கே தெரியும். இறப்புச் சான்றிதழ் ஒரு நகல் குடுத்துட்டாப் போதும்."

"அது இல்ல."

லுவான் பேனாவைக் கீழே வைத்தாள்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த டேல் கிரபோவ்ஸ்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். ஆர்டனும் டேலும் இருபது வருஷமாகக் கூட்டாளிகள். வசந்தத்தில் பனி உருகியதும் ஏரியைச் சுற்றியுள்ள வீடுகளுக்குப் படகுத்துறை போட்டுக் கொடுப்பார்கள். அடுத்த பனி இறுகுவதற்குள் அவற்றைக் கழற்றிக் கரையேற்றுவார்கள். இந்த இருபது வருஷமும் வாய்ப்பேச்சில்தான் நடந்தது. இந்த வருஷம் ஏரிக்கரைக் குடியிருப்போர் சங்கத்துக்குத் திடீரென்று ஒழுங்கு வந்துவிட்டது. பதிவு செய்த கம்பெனிக்குத்தான் வேலை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நாற்பத்திரண்டு படகுத்துறைகள். அது போனால் இரண்டு பேருக்கும் வேறு பிழைப்பு இல்லை.

கம்பெனி பதிவானது. ஆளுக்குப் பாதிப் பங்கு. இன்னும் ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி.

"மறுபடி சொல்றேன்," என்றாள் லுவான். "இந்தப் படிவம் போகலைன்னா, கம்பெனி சம்பாதிச்சதுக்குக் கம்பெனி ஒரு தடவை வரி கட்டணும். மிச்சத்தை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகும்போது நீங்க ஒரு தடவை கட்டணும். இது போயிட்டா, லாபம் நேரா உங்க ரெண்டு பேர் பேருக்கு வந்துடும், ஒரே வரி. ஆனா பங்குள்ள எல்லாரும் சம்மதிக்கணும். நம்ம மாநிலத்துல புருஷன் பங்குல பாதி பெண்டாட்டிக்குச் சொந்தம். அதனால அவங்களும் போடணும். ஒரு கையெழுத்து குறைஞ்சாலும் செல்லாது."

"எத்தனை நாள் இருக்கு?" என்றார் டேல்.

"எழுபத்தஞ்சு நாள் இருந்துச்சு. நீங்க படிவத்தை வண்டி சீட்டுக்கு அடியில போட்டு மறந்ததுல பாதி போயிடுச்சு."

டேல் தொப்பியை இன்னொரு முறை கழற்றினார். "ஆர்டன், நீயே அவ பேரைப் போட்டுடேன். அவ ஒண்ணும் சண்டைக்கு வரமாட்டா."

"இது என் காதுல விழல," என்றாள் லுவான். "கோர்ட்டுக்குப் போங்க. இறந்தவங்கன்னு அறிவிக்கச் சொல்லுங்க. பதினோரு வருஷமா ஏன் போகல?"



பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம். காலையில் இருவருக்கும் சண்டை. என்ன சண்டை என்று இப்போது அவருக்கு நினைவில்லை. நோரீன் ஏரிக்கு அந்தப் பக்கம் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். ஏரி இன்னும் உறைந்துதான் கிடந்தது; சுற்றிக்கொண்டு போக முக்கால் மணி நேரம். "குறுக்கே போ, பனி தாங்கும். நேத்துக்கூட நான் ஓட்டிட்டு வந்தேன்," என்றார் ஆர்டன். மதியம் கார் கிடைத்தது. மூக்கு தண்ணீரில், வால் வானத்தில், ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தபடி. முக்குளிப்பவர்கள் மூன்று நாள் தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. அவள் இறந்தாள் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், பனி தாங்கும் என்று சொன்னது யார் என்பதையும் அதே காகிதம் சொல்லிவிடும் என்று ஆர்டனுக்கு ஒரு பயம். தவிர, வீட்டில் காகிதம் என்று வந்ததையெல்லாம் பார்த்தவள் நோரீன். அவளுக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. ஆர்டன் கூலியைக் கையில் வாங்கி, சட்டைப்பையில் வைத்து, அதிலிருந்தே செலவழித்து வாழ்ந்துகொண்டிருந்தார்.

இப்போது வேறு வழியில்லாமல் போன கோர்ட்டில் வெர்னன் என்ற எழுத்தர் இருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிற, அவசரமே இல்லாத மனிதர்.

"மனு குடுத்தாச்சு. நல்லது," என்றார் வெர்னன். "இப்போ பேப்பர்ல ஒரு அறிவிப்பு போடணும். அப்புறம், அவங்க கடைசியா தபால் வாங்கின முகவரிக்குப் பதிவுத் தபால்ல ஒரு கடிதம்."

"செத்தவளுக்குக் கடிதமா?"

"அவங்க செத்துட்டாங்கன்னு முடிவு பண்றதுக்காகத்தான் சார் கடிதம்."

நோரீன் பின்னல் நூல் வரவழைப்பதற்காகத் தபால் நிலையத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தாள். எண் நூற்றுப் பதினான்கு. அந்த முகவரியைக் கொடுத்தார்.

ஊர் வாரப் பத்திரிகையில் பழைய பனிவண்டி விற்பனைக்கும் சர்ச் சாப்பாட்டு விளம்பரத்துக்கும் நடுவில் அறிவிப்பு வந்தது. 'நோரீன் ஹோவ்லண்ட் உயிருடன் இருப்பின் உடனே நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கவும்.' வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போன இடத்தில் மூன்று பேர், "பதில் வந்துச்சா ஆர்டன்?" என்று கேட்டார்கள். அவரும் சிரித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதில் வந்தது.

வெர்னன் ஒரு பச்சை அட்டையை ஜன்னல் வழியாக நீட்டினார். பதிவுத் தபால் பெற்றுக்கொண்டதற்கான அட்டை. கீழே நீல மையில் கையெழுத்து. முதல் எழுத்தின் நுனியில் தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி. அப்படிக் கொக்கி போடுகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான்.

"இது அவ கையெழுத்து," என்றார் ஆர்டன்.

"அப்போ சிக்கல்தான்," என்றார் வெர்னன். "தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கறவங்களை இறந்தவங்கன்னு கோர்ட் சொல்ல முடியாது."

ஆர்டன் நேராக லுவானிடம் போனார். டேலும் அங்கே இருந்தார். அட்டையைப் பார்த்ததும் டேல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். லுவானுக்கு வேறு மாதிரிப் புத்தி ஓடியது.

"நல்லதாப் போச்சு. அந்தப் பெட்டிக்கே படிவத்தையும் அனுப்புங்க. சம்மதக் கையெழுத்து வாங்கிடலாம்."

"யார்கிட்ட வாங்கறோம்னு யோசிச்சியா பொண்ணே?" என்றார் டேல்.

"உயிரோட இருக்கறவங்கதான் போடணும்னு படிவத்துல தனியா எழுதல. இன்னும் இருபது நாள்தான் இருக்கு."

மறுநாள் காலை ஆர்டன் படிவத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு, தபால் நிலையக் கூடத்தில் பெட்டிகளுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளங்கை அளவு பித்தளைக் கதவு, அதில் ஒரு சின்னக் கண்ணாடி. பத்து மணிக்கு நூற்றுப் பதினான்கின் கண்ணாடிக்குப் பின்னால் உறையின் வெள்ளை ஓரம் தெரிந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை அதைப் பார்த்துக்கொண்டே தின்றார். ஆட்கள் வந்தார்கள், தங்கள் தங்கள் பெட்டியைத் திறந்தார்கள், போனார்கள். நூற்றுப் பதினான்கின் அருகே யாரும் வரவில்லை. மூன்று மணிக்கு வெள்ளை ஓரம் இல்லை. உள்ளே கறுப்பு மட்டும் இருந்தது.

ஆர்டன் எழுந்து போய்க் கதவைத் தொட்டார். பூட்டியிருந்தது. பித்தளை ஐஸ் மாதிரிச் சில்லிட்டது.

"மூடற நேரம் ஆர்டன்," என்று உள்ளேயிருந்து தபால்காரியின் குரல் வந்தது. "நாளைக்கும் வந்து உக்காரப் போறீங்கன்னா மெத்தை கொண்டு வாங்க."

எட்டாம் நாள் படிவம் லுவானுக்கு வந்து சேர்ந்தது. கொக்கியோடு கையெழுத்து. தேதி. எல்லாம் சரி. கிரபோவ்ஸ்கி என்ற பெயரில் லுவான் விட்டிருந்த எழுத்துப்பிழை திருத்தப்பட்டிருந்தது. கூடவே ஒரு மஞ்சள் துண்டுத் தாள். அதை லுவான் சத்தமாகப் படித்தாள்.

"'கையெழுத்து போட்டாச்சு. கோர்ட், கீர்ட்னு அலையாதே. இனிமே எனக்கு எழுதாதே. ஹீட்டர் வடிகட்டியை மாத்து.'"



"மாத்தினியா?" என்று மெல்லக் கேட்டார் டேல்.

"எதை?"

"வடிகட்டியை."

ஆர்டன் வீட்டுக்குப் போய் நிலவறையில் இறங்கி அதை உருவினார். பதினோரு வருஷத் தூசி கம்பளி மாதிரி கறுப்பாகத் திரண்டிருந்தது. அவர் அதைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றார். தினமும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று தோன்றியது. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேலே ஏறினார்.

படிவம் கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது வரி அலுவலகத்துக்குப் போனது. அதற்குள் வேறொரு தொல்லை. டேல் தண்ணீரில் இறங்க மறுத்தார்.

"நாற்பத்திரண்டு துறை கிடக்கு டேல்."

"கரையிலேருந்து எடுத்துக் குடுக்கறேன். உள்ளே வரமாட்டேன். அவ அங்க இருக்கா."

"இருபது வருஷமா இறங்கற ஏரிடா இது."

"இருபது வருஷமா அவ எனக்கு எழுத்துப்பிழை திருத்தல."

அதனால் ஆர்டன் மட்டும் நீண்ட ரப்பர்க் காலணியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று இரும்புக் கால்களை ஊன்றினார். வெயில் அடித்தது, தண்ணீர் மட்டும் குளிர்காலத்தை விடவில்லை. ஏழாவது துறை போடும்போது கணுக்காலை ஏதோ மெதுவாகச் சுற்றியது. பாசிதான். பாசி என்று தெரிந்தும் அவரால் காலை எடுக்க முடியவில்லை.

"நோரீன்," என்றார் தண்ணீரைப் பார்த்து. "பனி தாங்கும்னு நான்தான் சொன்னேன். யார்கிட்டயும் இதைச் சொல்லல. உன் அக்காகிட்டகூட."

கரையில் டேல் தொப்பியைக் கழற்றிவிட்டார். இந்த முறை திரும்ப மாட்டவில்லை. அவருக்கும் இது புதுச் செய்தி. கொஞ்ச நேரம் கழித்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கி வந்து, பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் துறை கோணலாகத்தான் நின்றது. வீட்டுக்காரர் புகார் சொன்னார். இருவரும் அதைத் திரும்பப் போய்த் தொடவில்லை.

ஜூலை மாதம் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. லுவான் ஒரு முறை மனதுக்குள் படித்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

"'தங்கள் விருப்பத்தை ஏற்க இயலவில்லை. கையெழுத்திட்டவர்களில் ஒருவர் எங்கள் பதிவுகளின்படி இறந்தவர் ஆவார்.'"

டேல் சுவரில் சாய்ந்தார். "அரசாங்கமே சொல்லிடுச்சு."

"பேர் போடல," என்றாள் லுவான். அவளுடைய குரலும் இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பேர் வேற போடணுமா? கையெழுத்து போட்டதுல நானும் என் பெண்டாட்டி கார்லாவும் ஆர்டனும்தான் மிச்சம். நாங்க எல்லாம் சாப்பிட்டுட்டுத்தானே இருக்கோம்."

ஆர்டனுக்குப் பயமும் ஒரு விதமான நிம்மதியும் ஒன்றாக வந்தன. இறந்துவிட்டாள். அதில் இனி சந்தேகமில்லை. இறந்த பிறகும் அவருக்காக ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அப்படியென்றால் மன்னித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம். அவர் சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கடிதத்தோடு கோர்ட்டுக்குக் கிளம்பினார். இந்தத் தடவை அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் போனார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெர்னன் கடிதத்தை வாங்கிப் படித்தார். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். உள்ளே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். அரை மணி நேரம் ஆனது.

"உக்காருங்க சார்," என்றார் திரும்பி வந்ததும்.

"நின்னுக்கறேன். எங்க போடணும்?"

"எங்கயும் போட வேண்டாம். உங்க மனைவி உயிரோடதான் இருக்காங்க. நார்த் டகோட்டாவுல. அந்தத் தபால் பெட்டிக்கு வர்றதையெல்லாம் இங்க உள்பக்கமா எடுத்து அவங்களுக்கு அனுப்பிடறாங்க. வருஷா வருஷம் வாடகை தவறாம கட்டியிருக்காங்க."

ஆர்டன் உட்கார்ந்தார்.

கட்டடத்துக்கு வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் போய், திரும்பி, மறுபடி போனது.

"அப்போ அவ மூழ்கல," என்றார்.

"இல்ல சார்."

"காரைத் தாங்கலைன்னாலும் அவளைப் பனி தாங்கியிருக்கு."

ஆர்டன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. பிறகு மேஜை மேல் கிடந்த கடிதம் கண்ணில் பட்டது. அதைத் தன் பக்கம் இழுத்து, விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"அவ உயிரோட இருக்கான்னா, இதுல இறந்தவர்னு போட்டிருக்கறது யாரை? டேலையா? அவன் இப்போ வெளியில வண்டியில உக்காந்திருக்கானே."

வெர்னன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களைத்தான் சார். நீங்க ஏரியில மூழ்கிட்டீங்கன்னு அந்த ஊர்க் கோர்ட்ல சொல்லி, உங்க மனைவி தீர்ப்பு வாங்கி எட்டு வருஷமாச்சு."