மேல் பஞ்சமமும் எட்டு வாளியும்

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. கல்யாணமான மூன்றாம் நாள், பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது என் மனைவி கோமதி கண்டுபிடித்தாள். கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருபத்தாறு வருஷமாகப் பேப்பர் சரிபார்க்கிறேன். பெட்டிமேல் சோப்பு என்று எழுதியிருந்தால் உள்ளே சோப்புதானா என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சாயங்காலம் அந்தப் புத்தியை ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியவில்லை, அவ்வளவுதான் குறை.

பெஹாலாவில் எங்கள் நாலு மாடிக் கட்டடத்தில் எட்டுக் குடும்பம். தண்ணீர் மோட்டாரில் சத்தம் வந்தாலும், யாருடைய செருப்பு காணாமல் போனாலும் "ஷொங்கோர்தாவைக் கூப்பிடு" என்பார்கள். (என் பெயர் சங்கரன். 'தா' என்றால் தாதா, அதாவது அண்ணன். வங்காளிகள் வாய்க்குள் போனால் எந்தப் பெயரும் உருண்டையாகத்தான் வெளியே வரும்.)

போன மழைக்காலத்தில் பிடித்த இருமல் இரண்டு மாதம் விடவில்லை. டாக்டர் மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார். "பலூன் ஊதுங்க" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் பலூன் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார் வீட்டுப் பிறந்தநாள் என்று கேட்க மாட்டார்களா? அப்போதுதான் ஒரு வீடியோவில் லோ விசிலைப் பார்த்தேன். அயர்லாந்துக்காரர்களின் வாத்தியம். முழங்கை நீளத்துக்குமேல் ஓர் அலுமினியக் குழல், ஆறு ஓட்டை. புல்லாங்குழலைப் போலப் பக்கவாட்டில் பிடிக்காமல் நேராக வாயில் வைத்து ஊத வேண்டும். அந்தத் தாடிக்காரர் ஊதியபோது நெஞ்சுக்குள் ஏதோ கரைந்தது. இணையத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டேன்.

வாங்கியதை வீட்டில் சொல்ல முடியாது. ஏற்கெனவே ஆசைப்பட்டு வாங்கிய கிட்டார் அலமாரி மேல் தூசி தின்றுகொண்டிருக்கிறது. "இன்னொரு வாத்தியம் இந்த வாசப்படி ஏறிச்சுன்னா ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று கோமதி தீர்ப்பு எழுதியிருந்தாள். அதனால் விசிலைக் குடை உறைக்குள் போட்டு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கல்கத்தாவில் எந்த மாதத்திலும் குடையோடு போகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

தினமும் காலை ஆறரைக்கு "பிராணாயாமம் பண்ணிட்டு வரேன்" என்று மேலே போவேன். பக்கத்து மாடிக்காரர்கள் காதில் விழக் கூடாதென்று மொட்டை மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே மாடிப்படியின் உச்சியில் உட்கார்ந்து ஊதுவேன். கதவைச் சாத்தினால் சத்தம் வெளியே போகாது. (படிக்கட்டு வழியாகக் கீழே போகுமே என்று இப்போது உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கு அப்போது தோன்றவில்லை.)

கீழ் ஸ்தாயி இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. அவ்வளவு மெதுவான சத்தம், தொட்டி மேலிருந்த புறாகூடத் திரும்பிப் பார்க்காது. மேல் ஸ்தாயிதான் மானத்தை வாங்கியது. அதே ஓட்டை, அதே விரல். மூச்சு மட்டும்தான் மாற வேண்டும். "கொஞ்சம் அழுத்தி ஊதுங்கள்" என்றார் வீடியோ தாடிக்காரர். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அளவு சொல்லாமல் கொஞ்சம் என்பவர்களை என் தொழிலில் நம்பவே கூடாது. நான் ஈர விறகு அடுப்பை ஊதுவதுபோல ஊதினேன். மேல் பஞ்சமத்துக்குப் பதிலாக 'க்ரீஈஈச்' என்று ஓர் அலறல் வந்தது.

எனக்கு விசில்மேல் சந்தேகம் வந்தது. விற்றவன் நுனியை அறுத்துவிட்டானோ என்று டேப் வைத்து அளந்தேன். எங்காவது விரிசல் இருக்குமோ என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். "இது அசல்தானா?" என்று விற்றவனுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறை அவன் என்னை பிளாக் செய்துவிட்டான். குற்றவாளிதான் ஓடி ஒளிவான் என்று முடிவு கட்டினேன். இதற்கிடையில் நானே ஒரு பயிற்சி உண்டாக்கினேன்: இரண்டு சின்ன ஊதல், மூன்றாவது தம் பிடித்து நீளமாக. ஒரு தடவை ஊதினால் தலை சுற்றும். சுவரில் சாய்ந்து ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு மறுபடியும்.

அந்த வாரத்தில்தான் கட்டடத்தில் குப்பைப் பிரச்சினை வெடித்தது.

எங்கள் பக்கத்தில் குப்பை எடுக்க வண்டி வீட்டு வாசலுக்கே வரும். நான்கு வருஷமாக நிமாய் என்பவன்தான் வருகிறான். ஏழரைக்கு கேட் முன்னால் நின்று விசில் ஊதுவான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. உடனே எட்டு வீட்டிலிருந்தும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கொஞ்சம் அசந்தால் வண்டி அடுத்த சந்துக்குப் போய்விடும். அன்று நான் 'பிராணாயாமம்' முடித்துக் கீழே வந்தால், கேட்டருகே முழுக் கட்டடமும் வாளியோடு நிற்கிறது. கோமதியும் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"நிமாய் ஊதினான், ஓடி வந்தா ஆளே இல்ல" என்றார் முதல் மாடி முகர்ஜிதா, பேங்கில் ரிட்டயர் ஆனவர். (பேச்சு வங்காளத்தில்தான் நடந்தது. கோபம் மட்டும் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.)

"ரெண்டு தடவ ஊதினான், மோஷாய்! ரெண்டு தடவயும் நான் இறங்கி வந்தேன், இந்த முட்டிய வச்சுக்கிட்டு!" என்றாள் மூன்றாம் மாடி தத்தா வீட்டு அண்ணி, தத்தா பௌதி.

மறுநாளும் அதே கதை. அலுத்துப்போய் வாளியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். தெரு நாய்கள் வந்து தத்தா பௌதி வீட்டு இலிஷ் மீன் முள்ளால் படிக்கட்டு முழுக்கக் கோலம் போட்டுவிட்டன. நிஜமாக நிமாய் ஏழரைக்கு ஊதியபோது, "இதுவும் ஏமாத்து வேலை" என்று யாரும் இறங்கவில்லை.

ஷொங்கோர்தாவைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கரும்பு தின்னக் கூலி! ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எத்தனை மணிக்கு விசில், யார் யார் சாட்சி என்று பன்னிரண்டு நாள் குறித்தேன். நிமாய் தூரத்திலிருந்தே ஊதிவிட்டு வேலை முடிந்ததாகக் கணக்குக் காட்டுகிறான் என்பது என் கட்சி. வார்டு ஆபீசுக்கு ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதினேன். சுங்கத்துக்கு எழுதும் நடை. படித்தால் நிமாய் தங்கம் கடத்துகிறான் என்றே தோன்றும். எட்டு வீட்டுக் கையெழுத்தும் விழுந்தது. அவன் ஒப்பந்தத் தொழிலாளி. கடிதம் போனால் வேலை போகும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்த நிமாயை நிறுத்திக் கேட்டோம். அவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி உடம்பு. அவன் முகம் வெளிறிவிட்டது.

"தாதா, நான் ஏழரைக்கு முன்னால இந்தச் சந்துக்குள்ள காலே வைக்கல. சத்தியமா."

"அப்போ ஊதினது பேயா?" என்றேன். நல்ல வசனம் என்று நினைத்து எல்லாரையும் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன்.

ஆனாலும் நான் நியாயஸ்தன் அல்லவா? ஒரு பரீட்சை வைத்தேன். மறுநாள் ஆறரைக்கு நிமாய் எங்கள் கேட்டுக்குள் எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும். அவன் விசில் முகர்ஜிதா கையில். அப்போதும் சத்தம் கேட்டால் அவன் நிரபராதி. கேட்கவில்லை என்றால் கடிதம் அன்றே போகும். நான் மொட்டை மாடியிலிருந்து சந்து முழுவதையும் கண்காணிப்பேன்.

திங்கள்கிழமை கண்காணித்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. ஈ காக்கை இல்லை, சத்தமும் இல்லை. கேஸ் முடிந்தது என்று உறுதியாயிற்று. எனக்கு ஒரே சந்தோஷம். கீழே இறங்குவதற்குமுன் கை நமநமத்தது. வந்தது வந்தோம், ஒரே ஒரு தடவை ஊதிவிட்டுப் போவோமே. குடை உறையை எடுத்தேன். கதவைச் சாத்தினேன். கண்ணை மூடினேன்.

இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

அன்று அந்த நெட்டைக்கு வந்த தம் என் வாழ்நாளில் வந்ததில்லை. விடாமல் பிடித்தேன். படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், மூச்சிரைக்க முகர்ஜிதா, கையில் நிமாயின் விசில். பின்னால் தத்தா பௌதி, பழக்க தோஷத்தில் வாளியோடு. அதற்குப் பின்னால் கோமதி. கடைசியில் நிமாய்.

விசில் என் வாயிலேயே இருந்தது.

கோமதி என்னைப் பார்த்தாள், அலுமினியக் குழலைப் பார்த்தாள், குடை உறையைப் பார்த்தாள். "இதான் உங்க பிராணாயாமமா?" என்றாள்.

என் மகள் நித்யா கல்லூரியில் படிக்கிறாள், இங்கேயே பிறந்து வளர்ந்ததில் பாதி வங்காளி. அவளும் மேலே வந்து என் நோட்டை வாங்கிப் புரட்டினாள். "தூர், போங்கப்பா! பன்னெண்டு நாள் எழுதியிருக்கீங்க. ரெண்டே ரெண்டு நாள் 'சத்தம் இல்லை'ன்னு இருக்கு. ஒண்ணு அத்தைய கூட்டிட்டு வர ஹவுரா போனீங்க, இன்னொண்ணு ரயிலேத்தி விடப் போனீங்க. அப்பவுமா உங்களுக்குச் சந்தேகம் வரல?"

வரவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவனுக்குத் தன்மேல் மட்டும் வரவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சாட்சிக் கையெழுத்தோடு வைத்துக்கொண்டவன் நானாகத்தான் இருப்பேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நிமாய் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு நீங்க ஊதாம இருந்திருந்தா அந்தக் காயிதம் போயிருக்கும், இல்லயா தாதா?" என்றான். "நாளைக்கு என் வண்டிய வேற ஒருத்தன் தள்ளிட்டு வந்திருப்பான்."

"தப்பு என்னுதுதான் நிமாய், மன்னிச்சிரு" என்று சொன்னேன். அவன் முகர்ஜிதா கையிலிருந்து தன் விசிலை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். முகர்ஜிதா பிடுங்கிக்கொண்டார். அதில் நிமாய் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதி, கீழே நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். எட்டுக் கையெழுத்தில் என்னுடையதும் இருக்கிறது.

அதன்பிறகு தினமும் ஏழரைக்கு எங்கள் வாளியை நானே இறக்கினேன். ஒன்பது நாள் நிமாய் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் கவிழ்த்தான். பத்தாம் நாள், வாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டான்.

"தாதா, உங்க பாட்ட எத்தன பேர் கேக்கணும்?"

"வீட்டுல இருக்கிறவங்க கேட்டாப் போதும்."

"அப்புறம் ஏன் நாலு தெருவுக்கு ஊதுறீங்க? அது என் வேல. காத்து கம்மியா விடுங்க, உதட்ட இறுக்கி வேகமா விடுங்க. சூடான சாயாவ ஊதுவீங்கல்ல, அப்பிடி."

அன்றே மொட்டை மாடியில் ஊதிப் பார்த்தேன்; விசில் வாசப்படி ஏறாதவரை கோமதிக்கும் ஆட்சேபம் இல்லை. மேல் பஞ்சமம் நூல் பிடித்தாற்போல வந்து நின்றது. விசில் அசல்தான்.

துர்கா பூஜை முடிந்து கீழே கார் நிறுத்தும் இடத்தில் விஜயா சம்மிலனி நடந்தது, கட்டடத்துக்காரர்கள் ஒன்றுகூடிப் பாட்டு, பலகாரம் என்று கொண்டாடும் விழா. நானே போய் நிமாயைக் கூப்பிட்டேன், மனைவி மக்களோடு வந்தான். நான் வாசித்தேன். மேல் பஞ்சமத்தில் ஏறினேன், நின்றேன், பத்திரமாக இறங்கினேன். ஒருவர்கூட அசையவில்லை. கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். (தூசி என்கிறாள். நான் சந்தேகப்படுகிறேன்.) கைதட்டல் அடங்கியபோது, பின்வரிசையில் நிமாய் தன் விசிலை எடுத்து ஊதினான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மொத்தச் சபையும் சடாரென்று எழுந்து நின்றது.

இன்றைக்கும் ஊரிலிருந்து யார் வந்தாலும், "அப்பா வாசிச்சப்போ சபையே எழுந்து நின்னுச்சு தெரியுமா?" என்று நித்யா ஆரம்பிப்பாள். வந்தவர்கள் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். அந்த மரியாதை, கோமதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கும்வரைதான் இருக்கும்.

"ஆமா, எழுந்து நின்னு வாளியத் தேடினாங்க."