யோர்தான் தண்ணீரும் ஒரு தீக்குச்சியும்

மதுவிலக்குக் கால அமெரிக்காவின் ஹார்லோ ஊரே ஜெபக் கூடாரத்தின் முன் திரண்டு நின்றது. முடவர் நடக்கிறாராம், கிழவி ஆடுகிறாளாம், மூன்று வருஷமாகப் பேசாத மாமியாரும் மருமகளும் கட்டிப்பிடித்து அழுகிறார்களாம். எல்லாம் போதகர் சகோதரர் லெமுவேல் ட்ரிப் ஜெபித்து, புண்ணிய நதியின் பெயர் சூட்டித் தரும் ‘யோர்தான் தண்ணீர்’ செய்யும் வேலை. வெறும் கிணற்றுத் தண்ணீர்தானாம். திரைக்குப் பின்னால் அவர் முழங்காலிட்டதும் பொன்னிறமாகிவிடுமாம். டாலருக்கு ஒரு கரண்டி.

முதல் வரிசையில் மதுவிலக்குச் சங்கத் தலைவி அகதா விட்கோம். நாட்டில் சாராயத்தை ஒழித்த கையோடு வந்தவர், காலையில் இரண்டு கரண்டி, மாலையில் மூன்று கரண்டி குடித்துவிட்டு, பரிசுத்த ஆவி உடம்பில் இறங்குவதைக் கண் சொருக அனுபவித்துக்கொண்டிருந்தார். சாராயம் அறியாதவர்களுக்கு அந்த வாசனை தெரியவில்லை. அறிந்தவர்களுக்குத் தெரிந்தது, அதனால்தான் அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

மருந்துக்கடையில் வேலை பார்த்த ஹுல்டாவுக்கு மட்டும் இந்தக் கொண்டாட்டம் ஒட்டவில்லை. அவள் கணவன் நெல்ஸுக்குச் சர்க்கரை நோய். புதிதாக வந்த இன்சுலின் ஊசியால் பிழைத்துக் கிடந்தவன், கூடாரத்துக்குப் போய்வந்ததும் ஊசியைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டான்.

“உடம்பு கதகதன்னு இருக்கு. இனி ஊசி எதுக்கு?”

“அடுப்புகிட்ட நின்னாலும்தான் கதகதன்னு இருக்கும். ஊசியப் போடுங்க!”

“உனக்கு விசுவாசம் பத்தல.”

இரண்டே நாளில் அவனுக்குத் தாகம் அடங்கவில்லை, கண் மங்கியது. ஹுல்டா பயந்துபோனாள்.

அன்று கடையில் முதலாளி வாங்கி வைத்திருந்த விஸ்கிச் சீட்டுகளை அடுக்கினாள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஆளுக்குப் பத்து நாளைக்கு ஒரு சிறு புட்டி; சட்டமே அனுமதித்த மருந்து. ஒரு கட்டு முழுக்க ‘இருமல்’ என்றிருந்தது. எல்லாவற்றையும் வாங்கிப் போனவன் ட்ரிப்பின் வண்டிக்காரன். பெயர்களைப் படித்தாள். பாதிப் பேர் கல்லறையில் இருப்பவர்கள். செத்தும் இருமல் நிற்கவில்லை, பாவம்!

நேராகக் கூடாரத்துக்குப் போனாள். ஒரு கரண்டி வாங்கினாள், குடிக்கவில்லை. தீக்குச்சியைக் கிழித்துக் கரண்டியில் வைத்தாள். குபுக்கென்று நீலச் சுடர் எழுந்தது.

ட்ரிப் அசரவில்லை. “பாருங்க, பரிசுத்த அக்கினி!”

கூட்டம் “அல்லேலூயா!” என்று மண்டியிட்டது.

ஹுல்டா ஒரு வாளித் தண்ணீரை மேடையில் வைத்தாள். “அப்போ இதுக்கும் ஜெபம் பண்ணுங்க. திரை வேண்டாம், எல்லாரும் பாக்கட்டும்.”

ட்ரிப் ஜெபித்தார். வியர்த்தார். எபிரேய மொழியில் ஜெபித்தார்; அல்லது அதைப் போன்ற ஏதோ ஒன்றில். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஹுல்டா அதில் வைத்த இரண்டாவது தீக்குச்சி ‘சுஸ்’ஸென்று அணைந்தது.

கூட்டத்தில் மண்டியிட்டிருந்த நெல்ஸ் தட்டுத்தடுமாறி எழுந்துபோய்த் திரையை இழுத்தான். உள்ளே அரசாங்க முத்திரை ஒட்டிய காலி விஸ்கிப் புட்டிகள், கூரை முட்ட.

“ஐயோ, இது... சாராயமா?” என்று அகதா அம்மாள் விக்கலோடு அலறினார்.

“சரிபாதி சாராயம்தாம்மா,” என்றாள் ஹுல்டா.

பின்வழியாக நழுவிய ட்ரிப்பை ஊர்க் காவல் அதிகாரியான ஷெரீப் பிடித்தார். நெல்ஸ் வெட்கத்தோடு கையை நீட்டினான். ஹுல்டா பையில் கொண்டுவந்திருந்த இன்சுலின் ஊசியை அங்கேயே போட்டாள்.

“இத்தனை பேரும் எப்படி ஏமாந்தோம்?” என்று முனகினான்.

“திரைக்குப் பின்னால என்னன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே! யோசிக்கறதுக்கு எந்த டாக்டரும் சீட்டு எழுதித் தர வேண்டாம். பத்து நாளைக்கு இவ்வளவுதான்னு அளவும் கிடையாது.”