மயில் நோய் கண்டுபிடிக்கப்பட்ட கதை

ஒரு காட்டில், புலியும் மானும் டோக்கன் எடுத்துக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. பாய்ந்தால் டோக்கன் ரத்து என்பது அங்கே விதி. அதனால் எல்லாரும் நல்லவர்களாகவே இருந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில், பெண் விலங்குகளின் மார்பகத்தையும் கர்ப்பப்பையையும் ஸ்கேன் படத்தில் பார்த்து நோய் சொல்லும் படிப்பைத் தொடங்கினார்கள். பேராசிரியர் மயில். ஆண் மயில்தான். பறவை இனத்தில் பாலூட்டியவர் எவருமில்லை. இவரோ முட்டைகூட இட்டதில்லை. பாடம் நடத்த அதெல்லாம் ஒரு தடையா என்ன? தோகையை விரித்தாலே வகுப்பு நிறைந்துவிடும்.

படிக்க வந்தது கோமளவல்லி என்ற ஆந்தை. வேலை இருட்டறையில் என்றதும் மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். ஆந்தைக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

பல காடுகளிலிருந்தும் விசித்திரமான படங்கள் மயிலைத் தேடி வரும். சாதாரணப் படத்தைப் பேராசிரியருக்கு யார் அனுப்புவார்கள்? அதனால் பாடம் முழுக்க நோய்தான்.

"ஒண்ணுமே இல்லாத படம் ஒண்ணு காட்டுங்களேன் சார்," என்று ஆந்தை ஒருமுறை கேட்டது.

"ஒண்ணுமே இல்லாததுல படிக்க என்னம்மா இருக்கு?" என்றது மயில்.

நியாயமான பதிலாகத்தான் பட்டது. ஆந்தை கட்டிகளையெல்லாம் கரைத்துக் குடித்துத் தங்கப் பதக்கம் வாங்கியது.

முதல் நோயாளி செண்பகம் என்ற புள்ளிமான். மார்பில் வலி. "ரெண்டு குட்டி இருக்கு டாக்டரம்மா. என்னன்னு பார்த்துச் சொல்லுங்க," என்று கண் கலங்கியது.

கோமளவல்லி படத்தைப் பார்த்தது. கட்டி இல்லை. நீர்க்கட்டி இல்லை. படித்த எதனோடும் ஒட்டவில்லை. பதக்கம் வாங்கிய கையோடு ஒரு தாயைக் கோட்டை விட்டுவிட்டால்? ஓடிப்போய் மயிலை அழைத்து வந்தது.

மயில் கண்ணாடி போட்டுப் பார்த்தது. கழற்றிவிட்டுப் பார்த்தது. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு படத்தைப் பார்த்ததே இல்லம்மா. புது நோய். மயில் நோய்னு எழுதிக்கோ."

செண்பகம் அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்து வந்த முயலுக்கும் அதே நோய். யானைக்கும் அதே. பெண் புலிக்கும் அதே. காடே நடுங்கியது. மயில் மாநாடு மாநாடாகப் பறந்தது. செண்பகம் குட்டிகளைச் சித்தி வீட்டில் ஒப்படைத்துவிட்டுச் சாவுக்குக் காத்திருந்தது. வலி போனது, பசி வந்தது, உடம்பு கொழுத்தது. சாவு மட்டும் வரவில்லை.

அப்போது மீனலோசனி என்ற மந்தி வந்தது. படத்தில் சின்னதாக ஒரு கட்டி. முதல் பாடத்திலேயே படித்தது. கோமளவல்லி சந்தோஷத்தில் சிறகடித்தது.

"உங்களுக்கு மயில் நோய் இல்லம்மா. வெறும் புற்றுநோய்தான். ஆரம்பத்துலயே பார்த்துட்டோம், எடுத்துட்டா சரியாயிடும்."

மந்தி நிம்மதியில் அழுதது. கட்டியை எடுத்தார்கள். உடம்பு நன்றாகத் தேறியபின் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், கட்டி போன இடம் தெரியவில்லை. ஆனால் மயில் நோய் வந்திருந்தது.

கோமளவல்லிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மயிலிடம் போய் நின்றது.

"சார், நோய் போனா இது வருது. அப்ப நல்லா இருக்கறதே இதுதானோ?"

மயில் தோகையை மெல்ல மடக்கிக்கொண்டது. "இருக்கும். ஆனா பேர் வெச்சாச்சேம்மா. விருதும் குடுத்துட்டாங்க."

ஆந்தை அதோடு மல்லுக்கட்டவில்லை. நேரே செண்பகத்திடம் பறந்தது. "உங்களுக்கு வந்திருக்கறது நல்லா இருக்கறவங்களுக்கு மட்டும் வர்ற நோய். குட்டிங்களைக் கூட்டிட்டு வந்துடுங்க," என்றது. செண்பகம் முதலில் அழுதது. பிறகு டாக்டர் என்றும் பாராமல் ஓர் உதை விட்டது. பிறகு சித்தி வீட்டுக்கு ஓடியது.

இப்போதும் அது வருஷம் தவறாமல் ஸ்கேனுக்கு வருகிறது.

"இந்த வருஷமும் இருக்கா டாக்டரம்மா?"

"நல்லாவே இருக்கு."

"அப்பாடா," என்று சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு போகிறது.

நீதி: ஆரோக்கியத்தைக் கண்டுபிடித்தவருக்கு எந்தக் காட்டிலும் விருது கிடையாது. ஆகவே அதற்கும் ஒரு நோயின் பெயரை வைத்துவிடுக.