ஐஸ் கம்பெனி கன்சோல் விஷயமாக மாப்பிள்ளைக்கு

சேசு மரி சூசை

முதலியார்பேட்டை, புதுச்சேரி.
ஜூன் மாதம், வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ரெக்ஸ் அவர்களுக்கு மாமனார் தனிஸ்லாஸ் எழுதிக்கொண்டது. நீங்களும் மகள் மெரினும் பேத்தி பிரிஸ்கில்லாவும் மாதாவின் தயவால் பாரீசில் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். இங்கே நாங்களும் சுகம் என்றுதான் கடிதத்தில் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் ஒரு பக்கம் எழுதினால் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். போனில் பேசினால் "சா வா அலே, மாமா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். எல்லாம் சரியாகிவிடுமாம். எது சரியாச்சு? ஆகையால் காகிதம். உங்கள் அத்தை சூசைமேரி பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "மாப்பிள்ளை மனசு நோவுற மாதிரி ஒரு வார்த்தை எழுதுனீங்க, ஆகஸ்ட்டு மாதா திருவிழாவுக்கும் வர மாட்டாங்க. அந்தப் புள்ளைய நாம போன்லயே பாத்துக் கெடக்க வேண்டியதுதான்" என்று எச்சரித்திருக்கிறாள். நான்கு வருஷமாக நீங்கள் லீவு பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பதால், நானும் கோபம் இல்லாமல் எழுதுகிறேன். எனக்குக் கோபமே இல்லை.

தேங்காய்த்திட்டு ஐஸ் கம்பெனியில் நான் மேனேஜர் என்பது உங்களுக்குத் தெரியும். பாரீசுக்குப் போகுமுன் நீங்கள்தான் அங்கே ஒரு யூனிக்ஸ் சர்வரை வைத்து, கம்ப்ரஸரை அதன் கையில் ஒப்படைத்தீர்கள். முன்பெல்லாம் சுவரில் ஒரு சுவிட்சு இருந்தது. போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். "அதெல்லாம் பழைய காலம் மாமா" என்று அதையும் கழற்றிப்போட்டுவிட்டீர்கள். முதலாளி தணிகாசலம் முகம் சுளித்தபோது, "எம் மாப்பிள்ளை செஞ்சது, தங்கம் மாதிரி ஓடும்" என்று நான்தான் மார்தட்டினேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கம்பெனியை மூடி வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து இடி விழுந்து இன்டர்நெட் பெட்டி கருகிவிட்டது. வெளியிலிருந்து உங்களால் உள்ளே நுழைய முடியாது, சர்வரின் முதுகில் கேபிளைச் சொருகி நேரடியாகத்தான் பேச வேண்டும், அதற்கு சீரியல் கன்சோல் என்று பெயர் என்றீர்கள். ஞாயிறு விடிந்தால் படகெல்லாம் கடலுக்குப் போகிறது. தொட்டியில் ஒரு பாளம் ஐஸ் கிடையாது.

நீங்கள் ஆள் மூலம் அனுப்பிய பிரெஞ்சு லேப்டாப்பில் கேபிளைச் சொருகினேன். எந்தப் போர்ட் என்று அது என்னைக் கேட்டது. மூன்று என்றீர்கள், போட்டேன். மறுநாள் கேபிளைப் பக்கத்து ஓட்டையில் மாற்றிச் சொருகியதும் மூன்றில் இருந்தவன் ஐந்துக்குக் குடிபோய்விட்டான். சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாறுகிறவனை நான் எங்கே போய்த் தேடுவது? ஒரு வழியாகக் கண்டுபிடித்தால், திரை முழுக்கப் பூச்சி பூச்சியாக என்னமோ ஓடுகிறது. கட்டம், கேள்விக்குறி, கொம்பு முளைத்த எழுத்து. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா தனிஸ்லாசு, பிரெஞ்சா?" என்று கேட்டார். எங்கப்பா காலத்திலிருந்து வீட்டில் பிரெஞ்சு பார்த்தவன் நான், இது எந்தத் தேசத்துப் பாஷையும் இல்லை. உங்களைக் கேட்டால், "வேகம் ஒம்பதாயிரத்து அறுநூறுதானே வெச்சிருக்கீங்க?" என்கிறீர்கள். அதைத்தான் சாமி வைத்திருந்தேன். அரை நாள் கழித்து, "ஓ, பாரீஸ் வர்றதுக்கு முன்னாடி நான்தான் லட்சத்துப் பதினஞ்சாயிரத்து இருநூறுக்கு மாத்துனேன் மாமா, மறந்துட்டேன்" என்கிறீர்கள். மறதி எல்லோருக்கும் வருவதுதான்.

வேகத்தை மாற்றியதும் எழுத்து சுத்தமாக வந்தது. வந்து பாஸ்வேர்டு கேட்டது. தட்டினால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு புள்ளிகூடக் கிடையாது. கீபோர்டு செத்துப்போய்விட்டது என்று தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன், ரொட்டித் தூள் கொட்டியது. பாஸ்வேர்டு தட்டினால் தெரியாது, அதுதான் முறை என்று நீங்கள் ராத்திரி சாவகாசமாகச் சொல்கிறீர்கள். சரி என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். தப்பு என்றது. மறுபடி தட்டினேன், தப்பு என்றது. பாஸ்வேர்டு என்ன? பேத்தி பிறந்ததும் நீங்கள் அங்கிருந்தே மாற்றி வைத்த பிரிஸ்கில்லா. என் பேத்தி பேரை நான் தப்பாகச் சொல்கிறேனாம்! ஞானஸ்நானத்துக்கு அந்தப் பேரைத் தேர்ந்து சொன்னவனே நான்! கடைசியில் பார்த்தால், பிரெஞ்சு கீபோர்டில் ஏ இருக்கிற இடமே வேறாம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய என் விரல் பழக்கத்தில் ஏ என்று தட்ட, அங்கே க்யூ விழுந்திருக்கிறது. விழுந்த எழுத்தை அழிக்கலாம் என்றால், அழிக்கிற பொத்தானை அமுக்கினால் கண்ணுக்குத் தெரியாமலே கூட இரண்டு எழுத்தைச் சேர்த்து வைக்கிறதாம். அதற்கும் ஒரு செட்டிங் இருக்கிறது என்றீர்கள். இருக்கும். இல்லாமல் போகுமா?

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு உள்ளே போனேன். மெனு வந்தது. ஒன்று கம்ப்ரஸர், இரண்டு தொட்டிச் சூடு, இப்படியே போய் ஏழு, இன்ஜினியருக்குச் செய்தி. சர்வருக்குள் சிம் கார்டு இருப்பதால் அது உங்கள் போனுக்கே வரும் என்று சொல்லியிருந்தீர்கள். சரி, நல்லபடியாக உள்ளே வந்துவிட்டோம், மாப்பிள்ளைக்கு முதலில் ஒரு நன்றி சொல்லுவோம் என்று ஏழைத் தட்டி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக, "மாப்பிள்ளைக்கு வணக்கம்" என்று அடித்து, உடனே சேவ் பண்ணினேன். கன்ட்ரோலும் எஸ்ஸும். கரண்டு போய் ஒரு மாதக் கணக்கை ஒரு தடவை பறிகொடுத்தவன், அதனால் வரிக்கு வரி சேவ் பண்ணுவது என் வழக்கம். அதோடு சரி. திரை கட்டையாகிவிட்டது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவனைப் பார்த்து ஒழுங்காக நின்றுபோகிற மிஷினை நான் பார்த்ததே இல்லை. உங்களுக்குப் போன் போட்டால் மீட்டிங்காம். வெளியே படகுக்காரர்கள் ஏழெட்டுப் பேர், முதலாளி நடுவில் நின்று, "தங்கம் மாதிரி ஓடும்னியே, இன்னாய்யா தங்கம் தூங்குது?" என்கிறார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. கொஞ்ச நேரம் சும்மா அந்தச் செத்த திரையில் தட்டிக்கொண்டிருந்தேன். என்ன தட்டினேன் என்பது முக்கியமில்லை. மனசு ஆறட்டும் என்று தட்டினேன், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை, நான் கேட்பது ஒன்றுதான். ஐஸ் செய்கிற கம்பெனிக்கு இவ்வளவு தேவையா? தண்ணி ஊத்தினா உறையணும், அதுக்கு வேகம் என்ன, போர்ட் என்ன, பாஸ்வேர்டு என்ன? அந்தச் சுவிட்சு எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் தெரிவித்தால் நானே மாட்டிக்கொள்வேன். இதில் கோபம் ஏதும் இல்லை என்று உங்கள் அத்தை எழுதச் சொல்கிறாள். ஏதும் இல்லை. திருவிழாவுக்கு உங்கள் சௌகரியம் போல வாருங்கள், முடியாவிட்டாலும் பாதகமில்லை. மெரினுக்கு எங்கள் ஆசி, பேத்திக்கு முத்தம், உங்களைப் பெற்றவர்களுக்கு எங்கள் தோத்திரம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமனார்,
தனிஸ்லாஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மெரின் போன் பண்ணினாள். திரை கட்டையானதைச் சொன்னேன். "அப்பா, சேவ் பண்ணீங்களா?" என்றாள். பண்ணாமல்? "கருப்புத் திரையில அத அமுக்குனா சேவ் ஆகாதுப்பா, நின்னுடும். கன்ட்ரோலோட க்யூவ அமுக்குங்க, ஓடும்" என்றாள். கம்பெனிக்கு ஓடிப்போய் அமுக்கினேன். திரை முழித்துக்கொண்டது. முழித்துக்கொண்டு, செத்த திரை என்று நினைத்து நான் தட்டியதையெல்லாம் ஒரு வரி விடாமல் காட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே "செய்தி அனுப்பப்பட்டது" என்று போட்டது. நான் ஏழாம் நம்பருக்குள்ளேயே உட்கார்ந்துதான் தட்டியிருக்கிறேன். உங்கள் அத்தை அதைக் கேட்டதும், "கெடுத்தீங்களே, எங்குடியக் கெடுத்தீங்களே" என்று ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டாள்.

உனக்கு வந்து சேர்ந்தது இதுதானே: "வெத்து வேட்டு மாப்பிள்ளை. சா வா அலேவாம், சா வா அலே. வேலை செய்யிற சுவிட்ச கழட்டிப் போட்டுட்டுப் பாரீசுக்கு ஓடிட்டான். எம் பொண்ணயும் கூட்டிட்டுப் போயிட்டான். பேத்தி பொறந்ததுலருந்து தூக்கல, போன் கண்ணாடிக்குள்ள பாத்துக் கெடக்குறேன். டேய், லீவாவது மண்ணாவது. புள்ளைய தூக்கிட்டு வாடா. வந்து தொலடா, என்னால முடியலடா."

நீ போன் பண்ணினாய். நான் எடுக்கவில்லை, சூசைமேரிதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ சிரித்தாயா அழுதாயா என்று எனக்குத் தெரியவில்லை. "மாமா, நாலு வருசமா 'உங்க சௌகரியம் போல வாங்க'ன்னுதான சொன்னீங்க. எங்களப் பாக்கணும்னு உங்களுக்கு அவ்ளோ ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன். இப்பதான் மொத தடவையா கூப்டிருக்கீங்க. திருவிழா வரைக்கும் எதுக்கு? வர்ற வாரம் டிக்கெட் போட்டுட்டேன்" என்றாய்.

ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. போட்டால் நீ கிளம்பின பிறகுதான் அங்கே போய்ச் சேரும். வந்து இங்கேயே படித்துக்கொள், மேலே இருக்கிற மரியாதையையெல்லாம் தள்ளிவிட்டுப் படி. ஒன்றாம் நம்பரைத் தட்டினேன், கம்ப்ரஸர் ஓடுகிறது. உன் அத்தை, பேத்திக்கு மீன் வாங்கணும் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு இப்பவே துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டாள். படகே இன்னும் கடலுக்குப் போகலடி என்று கத்துகிறேன், காதில் வாங்க மாட்டேன் என்கிறாள்.